பழைய பேரேடு: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே நாவலைப் பற்றியவை: ஓக்லஹோமாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்கப் போகும் ஒரு விவசாயக் குடும்பத்தின் கதையான, ஜான் ஸ்டீன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்'. போன இதழில், "நொடித்துப்போன அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் ஸ்டீன்பெக்கில் ஆரம்பிக்கலாம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். நீங்களும் ஆரம்பித்துவிட்டீர்கள். அதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு: நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் ஒரு நூலகத்தின் உள்ளூர் வரலாற்று அறையில் பழைய காகிதங்களை அடுக்கிக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, காபி உண்டு. எந்த நாவலை எடுத்தாலும் "இவர்களுக்கு மொத்தக் கடன் எவ்வளவு?" என்றுதான் என் புத்தி முதலில் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' படித்து முடித்தேன். ஜோட் குடும்பம் தூசிப் புயலில் எல்லாவற்றையும் இழந்துதானே ஊரைவிட்டுக் கிளம்பியது? என்னோடு வேலை பார்க்கும் ஓக்லஹோமாக்காரர், "அந்த ஊரில் ஏது தூசிப் புயல்?" என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி?
— டாலஸ் வாசகர்

உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. ஓக்லஹோமாவின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், கைப்பிடி வைத்த வாணலி மாதிரி இருக்கும். தூசிக்கிண்ணம் என்று பேர் வாங்கியது அந்தக் கைப்பிடியும், அதை ஒட்டிய டெக்சாஸ், கான்சாஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ பகுதிகளும். கைப்பிடியின் நுனியில் சிமரான் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி). அதன் தலைநகரம் பாய்ஸ் சிட்டி. 1935 ஏப்ரல் 14, 'கறுப்பு ஞாயிறு' அன்று பட்டப்பகலில் இருட்டிப்போனது அந்தப் பக்கத்தில்தான். ஜோட் குடும்பத்தின் சாலிசாவோ வாணலியின் கிழக்கு விளிம்பில், ஆர்கன்சாவைத் தொட்டுக்கொண்டிருக்கிற ஊர். குன்றும் மரமும் மழையும் உள்ள பக்கம். இரண்டுக்கும் நடுவில் 400 மைலுக்கு மேல். ஸ்டீன்பெக் மேற்கின் புழுதியை அள்ளிக் கிழக்கில் தூவிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் ஜோட்களை மாதிரிக் குடும்பங்கள் கிழக்கு ஓக்லஹோமாவிலிருந்து கிளம்பியது நிஜம். அவர்களைக் கிளப்பியது காற்று அல்ல, கணக்கு. அவர்கள் பருத்தி போட்டார்கள், அதுவும் அடுத்தவர் நிலத்தில், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு. 1929-இல் பவுண்டு 17 சென்ட் அளவில் இருந்த பருத்தி இரண்டே வருடத்தில் 6 சென்ட்டுக்கும் கீழே வந்துவிட்டது. 1933-இல் அரசாங்கம் விவசாயச் சீரமைப்புச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது: பருத்தி நிலத்தில் ஒரு பங்கைப் பயிரிடாமல் விட்டால் பணம். பணம் யார் கைக்குப் போகும்? பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவர் கைக்கு. வாரக்காரருக்கும் பங்கு தரவேண்டும் என்று காகிதத்தில் இருந்தது, தந்தவர்கள் குறைவு. சும்மா கிடக்கிற நிலத்துக்கு வாரக்காரர் எதற்கு? வந்த பணத்தில் டிராக்டர் வாங்கினால் பத்துக் குடும்பத்தின் வேலையை ஒரே ஆள் செய்துவிடுவான். நாவலில் டிராக்டர் வந்து வீட்டை இடிக்கிறதே, அந்த இடம் மட்டும் அச்சு அசல் வரலாறு. வங்கியை ஒரு பூதமாக வர்ணிக்கும் அத்தியாயமும் வருகிறது. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கூசியது. நானும் 'மேலிடத்து உத்தரவு' என்று சொல்லி எத்தனையோ பேரை அனுப்பியவள்தானே.

இன்னொன்று. நிஜமாகவே தூசியில் மாட்டிய கவுண்டிகளில், நான்கில் மூன்று பேர் ஊரைவிட்டுப் போகவே இல்லை. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணியைச் சொருகிக்கொண்டு, தட்டையும் டம்ளரையும் கவிழ்த்தே வைத்துக்கொண்டு, அங்கேயே கிடந்தார்கள். அவர்களைப் பற்றி இவ்வளவு பெரிய நாவல் ஒன்றும் இல்லை. கிளம்பினவர்களுக்குக் கதை கிடைக்கிறது, இருந்தவர்களுக்குக் கல்லறைக் கல் கிடைக்கிறது.

அந்தப் புத்தகத்தை நூலகத்திலேயே தடை செய்தார்களாமே?
— சான் ஹோசே வாசகி

ஆமாம், இதே பள்ளத்தாக்கில்தான். 1939 ஆகஸ்டில் கெர்ன் கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழு 4-க்கு 1 என்ற கணக்கில் ஓட்டுப்போட்டு, நூலகங்களிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் எடுக்கச் சொன்னது. ஜோட் குடும்பம் கடைசியில் வந்து சேர்வது இந்தக் கவுண்டிக்குத்தான். இங்கே ஆர்வின் என்ற ஊருக்குப் பக்கத்தில், இடம்பெயர்ந்து வந்தவர்களுக்காக இருந்த அரசாங்க முகாம் நாவலில் அப்படியே வருகிறது. தங்கள் ஊரைப் பற்றி இப்படி எழுதிவிட்டானே என்று பண்ணை முதலாளிகளுக்குக் கோபம். ஒரு பண்ணைத் தொழிலாளியைக் கொண்டே புத்தகத்தை எரிக்க வைத்துப் போட்டோவும் எடுத்தார்கள்.

எனக்கு இதில் பிடித்த ஆள் கவுண்டியின் நூலகர் கிரெட்சன் நீஃப். கவுண்டியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே, 'இது தப்பு' என்று மேற்பார்வையாளர்களுக்குக் கடிதம் எழுதினார். தடையை மீற முடியாது. அதனால் தன் பிரதிகளை வேறு கவுண்டி நூலகங்களுக்கு இரவல் அனுப்பிவிட்டார். புத்தகம் ஊரைவிட்டுப் போனதே தவிர, படிக்கப்படாமல் இல்லை. 1941 ஜனவரியில் தடை நீங்கியது.

அதே காலத்தை அதே இடத்தில் இருந்த ஒரு பெண் எழுதியிருக்கிறாரா?
— பெயர் வேண்டாம் என்று சொன்ன வாசகி

எழுதினார். அச்சாக 65 வருடம் ஆனது.

சனோரா பாப் 1907-இல் ஓக்லஹோமாவில் பிறந்தவர். சின்ன வயதில் கிழக்கு கொலராடோவில், தரையைத் தோண்டிக் கூரை போட்ட குழிவீட்டில், தாத்தாவோடு குடும்பமே வாழ்ந்தது. பெரியவரான பிறகு கலிஃபோர்னியாவுக்கு வந்து, 1938-இல் அகதி முகாம்களில் டாம் காலின்ஸ் என்ற அதிகாரியோடு வேலை செய்தார். ஸ்டீன்பெக் தன் நாவலைச் சமர்ப்பித்த 'டாம்' இவர்தான். பாப் முகாமில் எழுதிய குறிப்புகளும் காலின்ஸ் வழியாக ஸ்டீன்பெக் கைக்குப் போயின என்று சொல்வார்கள். பாப்பும் அதே விஷயத்தை நாவலாக எழுதிக்கொண்டிருந்தார். ரேண்டம் ஹவுஸ் போடுவதாக இருந்தது. 1939-இல் ஸ்டீன்பெக் புத்தகம் வந்து சக்கைப்போடு போட்டதும், ஒரே விஷயத்துக்கு இரண்டு நாவலைச் சந்தை தாங்காது என்று பதிப்பாளர் பென்னட் சர்ஃப் கைவிட்டுவிட்டார். 'ஹூஸ் நேம்ஸ் ஆர் அன்நோன்' என்ற அந்த நாவலை ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பதிப்பகம் 2004-இல் வெளியிட்டபோது பாப்புக்கு வயது 97. அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார்.

என் அபிப்பிராயம் கேட்டால்: ஸ்டீன்பெக்கின் சங்கீதம் இதில் கிடையாது. ஆனால் பாப்பின் குடும்பம் நிஜமான தூசிப் பிரதேசத்தில், கைப்பிடியில் வாழ்கிறது. புத்தகத்தில் பாதிவரை அவர்கள் கிளம்புவதே இல்லை. இன்று கிளம்பலாமா, அடுத்த மழை வரை பார்க்கலாமா என்ற அந்த இழுபறிதான் நாவலே. தன் தாயார் எழுதி வைத்த தூசிப் புயல் குறிப்புகளைக்கொண்டு ஒரு அத்தியாயம் எழுதியிருக்கிறார்: இன்ன தேதி, இவ்வளவு தூசி, துவைத்த துணி மறுபடி அழுக்கு. மளிகைக்கடைப் பாக்கி எவ்வளவு என்பதுகூட வரும். கடன் பிரிவுக்காரிக்கு வேறென்ன வேண்டும்?

'புலம்பெயர்ந்த தாய்' என்ற புகைப்படத்தில் இருக்கும் பெண்மணியும் தூசிக்குத் தப்பி வந்தவர்தானே?
— சிகாகோ வாசகர்

இல்லை. 1936 மார்ச்சில் டோரதியா லாங் அந்தப் படத்தைக் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிப்பவர்களின் முகாமில் எடுத்தார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. 42 வருடம் கழித்து, 1978-இல், மொடெஸ்டோ பத்திரிகை மூலம்தான் அவர் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்று உலகத்துக்குத் தெரிந்தது. ஓக்லஹோமாவில் பிறந்த செரோக்கி இனப் பெண். ஆனால் தூசிப் புயலுக்குப் பல வருடம் முன்பே, 1920-களில், கலிஃபோர்னியாவுக்கு வந்துவிட்டவர். படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று வருத்தப்பட்டார். நியாயமான வருத்தம்.

நீங்கள் வங்கிக்காரர் என்பதால் கேட்கிறேன். அந்தக் காலத்தில் விவசாயிகள் ஜப்தி ஏலத்தையே முறியடித்தார்களாமே? உண்மையா, சினிமாக் கதையா?
— டி மாயின் வாசகர்

உண்மை. நீங்கள் இருக்கும் அயோவாதான் இதற்குப் பேர் போனது.

முறை ரொம்ப எளிது. மாடு, கலப்பை, வண்டி எல்லாம் ஏலத்துக்கு வரும். அக்கம்பக்கத்து விவசாயிகள் நூற்றுக்கணக்கில் வந்து நின்றுகொள்வார்கள். ஒருவர் "5 சென்ட்" என்பார். வேறு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். வெளியூர்க்காரன் எவனாவது கேட்க நினைத்தால், களஞ்சியத்தின் உத்தரத்தில் ஒரு சுருக்குக் கயிறு தொங்கிக்கொண்டிருக்கும். கண்ணில் படாமல் இருக்காது. ஏலம் முடிந்ததும் எல்லாவற்றையும் பழைய சொந்தக்காரருக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். 1931-இல் நெப்ராஸ்காவின் மேடிசன் கவுண்டியில் ஒரு முழுப் பண்ணை ஏலத்தில் வசூலானது மொத்தம் 5 டாலர் 35 சென்ட். அதற்கு 'சல்லி ஏலம்' என்றே பேர் வந்துவிட்டது.

எல்லாம் இப்படிச் சிரித்துக்கொண்டே முடியவில்லை. 1933 ஏப்ரல் 27, அயோவாவின் லெ மார்ஸ். ஜப்தி வழக்குகளை நிறுத்திவைக்க மாட்டேன் என்ற நீதிபதி சார்ல்ஸ் பிராட்லியை நீதிமன்றத்துக்குள் புகுந்து இழுத்துப்போய், ஊருக்கு வெளியே கழுத்தில் கயிற்றைப் போட்டார்கள். மூர்ச்சை போட்டார், ஆனால் கூட்டம் சொன்னபடி சத்தியம் செய்ய மறுத்துவிட்டார். உயிரோடு விட்டார்கள். ஆளுநர் பட்டாளத்தை இறக்கினார். அதே வருடம் மினசோட்டா, தவணைக்கு அவகாசம் கொடுக்கும் சட்டத்தைப் போட்டது. மறு வருடம் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

நான் யார் பக்கம் என்று கேட்காதீர்கள். ஏலத்தில் ஒருமுறை நானும் நின்றிருக்கிறேன், அதிகாரியாக. அங்கே கயிறு தொங்கவில்லை. ஆனால் ஒரு பாட்டி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

நெப்ராஸ்காவில் பழைய பண்ணை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். 1890-களில் கட்டியது என்கிறார்கள். பரணில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடைத்தது. அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு நாவல் எழுத ஆசை. எங்கே தேடுவது, அம்மா?
— நெப்ராஸ்கா வாசகி

முதலில் அந்தச் செருப்பைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அதை வைத்து இப்போதே முதல் அத்தியாயம் எழுத உட்காராதீர்கள்.

நிலத்திலிருந்து ஆரம்பியுங்கள், ஆளிலிருந்து வேண்டாம். உங்கள் பத்திரத்தில் டவுன்ஷிப், ரேஞ்ச், செக்ஷன் என்று நிலம் இருக்கும் இடத்தைச் சொல்லும் மூன்று எண்கள் இருக்கும். ஒரு செக்ஷன் 640 ஏக்கர். அதில் கால்வாசி 160. அந்த எண்களோடு கவுண்டியின் 'ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ்' (பத்திரப் பதிவு) அலுவலகத்துக்குப் போனால், விற்றவர் பெயரில் ஒரு அட்டவணை, வாங்கியவர் பெயரில் ஒரு அட்டவணை. வில்லங்கம் பார்க்கிற மாதிரிதான்: உங்களிடமிருந்து பின்னோக்கி ஒவ்வொரு கையாகப் போய்க்கொண்டே இருங்கள். கடைசியில் அமெரிக்க அரசாங்கமே விற்றவராக நிற்கும். அந்த முதல் பட்டாவை மத்திய நில மேலாண்மைத் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

கிரயப் பத்திரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எல்லோரும் அங்கேதான் நிறுத்துகிறார்கள். அடமானப் பதிவேட்டைக் கேளுங்கள். நிலத்தின் மேல் எந்த வருடம் கடன் வாங்கினார்கள், எவ்வளவு வட்டி, எப்போது அடைத்தார்கள். மகன் பிறந்த வருடமா, வறட்சி வந்த 1894-ஆ? அதைவிட ருசியானது அசையும் சொத்து அடமானம். குதிரை, பசு, கதிரறுக்கும் இயந்திரத்தை ஈடு வைத்து வாங்கிய சின்னக் கடன்கள். அதில் குதிரையின் நிறம், வயது, சில சமயம் பெயர்கூட எழுதியிருக்கும். ஒரு குடும்பத்தின் கஷ்டத்தை இதைவிட நெருக்கமாகக் காட்டும் காகிதத்தை நான் பார்த்ததில்லை. நிலத்தை ஈடு வைக்கிறவனுக்கு ஆசை இருக்கிறது, பசுவை ஈடு வைக்கிறவனுக்குப் பசி இருக்கிறது.

பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. உங்களுக்கு ஒரு துரதிர்ஷ்டம்: வீடு கட்டிய காலத்து 1890 கணக்கெடுப்பு 1921-இல் வாஷிங்டனில் தீப்பிடித்துக் கிட்டத்தட்ட முழுதும் போய்விட்டது. 1880-இலிருந்து 1900-க்கு ஒரே தாவாகத் தாவ வேண்டும். இருபது வருடத்தில் ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகிப் போயே போய்விடும். ஆனால் 1900 ஏட்டில் ஒரு அருமையான கேள்வி இருக்கிறது: ஒவ்வொரு தாய்க்கும் எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை உயிரோடு இருக்கின்றன? இரண்டு எண்ணும் அடுத்தடுத்த கட்டத்தில் இருக்கும். 8, 5 என்று பார்த்தால், அந்த மூன்று எங்கே என்று கல்லறைத் தோட்டத்தில் தேடுங்கள். ஒற்றைச் செருப்புக்குப் பதில் அங்கே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். செருப்பு எலி இழுத்துப்போட்டதாகக்கூட இருக்கும்.

1930 ஏட்டில் வீட்டில் ரேடியோ இருக்கிறதா என்று கேட்டார்கள். 1940-இல் கேட்டது, 1935 ஏப்ரல் 1 அன்று எங்கே இருந்தீர்கள் என்று. குடும்பம் இடம் மாறியதா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. 72 வருடம் ரகசியம் காப்பது விதி. அதனால் 1950 ஏடுவரை இப்போது திறந்திருக்கிறது.

கடைசியாக உள்ளூர் வாரப் பத்திரிகை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் பழைய பத்திரிகைகள் ஏராளம், காசு இல்லாமல். தலைப்புச் செய்தியை விடுங்கள். 'இன்னார் ஞாயிற்றுக்கிழமை இன்னார் வீட்டில் சாப்பிட்டார்', 'இன்னார் வீட்டில் குழந்தைக்கு டிப்தீரியா' என்று பொடி எழுத்தில் வரும் ஊர்வம்பைப் படியுங்கள். ஷெரிஃப் ஏல அறிவிப்பும் அதே பக்கத்தில்தான் இருக்கும்.

எல்லாம் சேர்ந்த பிறகு, நாவலில் அவர்கள் பெயரை மாற்றிவிடுங்கள். பேரன் பேத்திகள் அதே கவுண்டியில் இருப்பார்கள். மளிகைக் கடையில் நேருக்கு நேர் பார்க்க வேண்டிவரும்.

கவுண்டி வரலாற்றுப் புத்தகங்கள் ஏன் இவ்வளவு சப்பென்று இருக்கின்றன? எல்லோரும் உழைத்தார்கள், உயர்ந்தார்கள், தேவாலயத்துக்கு மணி வாங்கிக் கொடுத்தார்கள்.
— விசிட்டா வாசகர்

காசு கொடுத்துப் போட்டுக்கொண்டதால். 1880-களில் பதிப்பாளர்களின் ஆட்கள் கவுண்டி கவுண்டியாகப் போய்ச் சந்தா சேர்த்தார்கள். சந்தா கட்டினால் உங்கள் வாழ்க்கை வரலாறு வரும். கூடக் கொடுத்தால் மீசையோடு உங்கள் படமும் வரும். 1976-இல் நாட்டின் இருநூறாவது ஆண்டு வந்தபோது இன்னொரு அலை. அந்தந்தக் குடும்பமே எழுதி அனுப்பிய பக்கங்களைத் தொகுத்துப் போட்டார்கள். எந்தக் குடும்பம் தன் திவாலை எழுதி அனுப்பும்? போதாததற்கு, நொடித்தவர்கள் ஊரைவிட்டே போயிருப்பார்கள். எழுத யாரும் மிச்சம் இல்லை. ஒரு கவுண்டியின் புத்தகத்தைப் படித்தால் அங்கே ஒரு வாராக் கடன்கூட இருந்ததில்லை என்று நம்பிவிடுவோம். இருந்தவர்கள் எழுதியது ஊர் வரலாறு, போனவர்களைப் பற்றி எழுதியது நாவல். நான் இரண்டையும் ஒரே மேசையில் விரித்துவைத்துப் படிக்கிறேன். ஒன்றில் திடீரென்று நின்றுபோன பெயர் இன்னொன்றில் தலையெடுக்கிறதா என்று பார்ப்பதில் ஒரு துப்பறியும் சுகம்.

ஏழு வயது மகளுக்கு 'லிட்டில் ஹவுஸ்' வரிசை வாங்கித் தரலாமா? அதில் பூர்வகுடிகளைப் பற்றி மோசமாக வருகிறது என்கிறார்களே?
— சியாட்டில் வாசகி

வாங்கிக் கொடுங்கள், கூட உட்கார்ந்து படியுங்கள். மோசமாக வருவதும் உண்மைதான். தன் சின்ன வயதையே இந்தக் கதைகளாக எழுதிய லாரா இங்கல்ஸ் வைல்டரின் அப்பா கான்சாஸில் வீடு கட்டிய இடம் ஓசேஜ் மக்களுக்கு ஒதுக்கிய நிலம். 1869-இல் அங்கே போய்க் குடியேற அவருக்கு எந்த உரிமையும் இல்லை; நம் பாஷையில் ஆக்கிரமிப்பு. புத்தகத்தில் 'இந்தியர்கள்' போகிறார்களே, அது எங்கே, ஏன் என்று மகளிடம் வரைபடத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.

எனக்குச் சுவாரசியம், லாரா விட்டுவிட்ட பகுதிகளில். ஒரு தம்பி பிறந்து ஒன்பது மாதத்தில் இறந்தான்; கதையில் அவன் இல்லை. அயோவாவின் பர் ஓக்கில் குடும்பம் ஒரு விடுதியில் வேலை செய்து பிழைத்தது. அந்த ஊரே கதையில் இல்லை. அங்கிருந்து கடனோடு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினார்கள். அப்பாவின் ஃபிடில் இசையைப் பக்கம் பக்கமாக எழுதியவர், அந்த ராத்திரியை எழுதவில்லை. மகள் அல்லவா.

நாங்கள் பாஸ்டனில் குடிக்கும் தண்ணீருக்கு அடியில் நான்கு ஊர்கள் முழுகிக் கிடக்கின்றனவாம். தண்ணீர் குறைந்தால் தேவாலயக் கோபுரம் தெரியும் என்கிறார்கள். நிஜமா?
— பாஸ்டன் வாசகர்

ஊர்கள் நிஜம், கோபுரம் கட்டுக்கதை. க்வாபின் நீர்த்தேக்கத்துக்காக மாசசூசெட்ஸ் அரசு டானா, என்ஃபீல்ட், கிரீனிச், பிரஸ்காட் என்ற நான்கு ஊர்களைக் காலி செய்தது. 2,500 பேர். ஆனால் வீட்டை அப்படியே நிறுத்தித் தண்ணீர் விடவில்லை. ஒவ்வொன்றையும் இடித்தார்கள், அல்லது பெயர்த்து வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். மரங்களை வெட்ட நகரத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். கோடாரி பிடிக்கத் தெரியாத அவர்களுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பேர் 'மரங்கொத்திகள்'. கல்லறைகளைக்கூட விடவில்லை: ஏறக்குறைய 7,600 பேரைத் தோண்டி எடுத்துப் பெரும்பாலோரைப் புதிய க்வாபின் கல்லறைத் தோட்டத்தில் மறுபடி புதைத்தார்கள்.

1938 ஏப்ரல் 27 ராத்திரி என்ஃபீல்ட் டவுன் ஹாலில் தீயணைப்புப் படையின் பிரிவுபசார நடனம். இடம் போதாமல் ஜனங்கள் வெளியிலும் நின்றார்கள். நள்ளிரவு அடித்தது, 28-ஆம் தேதி பிறந்தபோது நான்கு ஊர்களும் சட்டப்படி இல்லாமல் போயின. வாத்தியம் நின்றதும் அழுகைச் சத்தம்தான் கேட்டது என்று அங்கே இருந்த நிருபர்கள் எழுதியிருக்கிறார்கள். மறு வருடம் தண்ணீர் ஏற ஆரம்பித்து, 1946-இல் நிறைந்தது.

ஒரு சனிக்கிழமை போய்வாருங்கள். டானா ஊரின் நடுத்திடல் தண்ணீருக்கு மேலேதான் இருக்கிறது, நடந்தே போகலாம். வீடுகள் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் கல் வைத்துக் கட்டிய நிலவறைக் குழி மட்டும் வாய் திறந்து கிடக்கிறது. நானும் மகனும் போனபோது ஒரு குழிக்குள்ளே லைலாக் பூத்திருந்தது. வாசலில் யாரோ நட்டு வைத்தது உள்ளே இறங்கி வந்துவிட்டது.

எப்போது பார்த்தாலும் கடன், வறட்சி, சாவு. சந்தோஷமான குடும்பக் கதையே படிக்க மாட்டீர்களா?
— நியூ ஜெர்சி வாசகர்

படிப்பேன். ஆனால் அவர்களுக்குக் கோப்பு இருக்காதே.

போன இதழில் 'ஹோம்ஸ்டெட் சட்டத்தில் 160 ஏக்கர் இலவசம்' என்று எழுதியிருந்தீர்கள். கட்டணம் உண்டு என்று என் மாமனாரின் நண்பர் சொல்கிறார். இவர் நார்த் டக்கோட்டாக்காரர்.
— ஃபார்கோ வாசகர்

அவர் சொல்வது சரி, நான் எழுதியது தப்பு. அரசாங்க நிலத்தில் குடியேறி உழுகிறவருக்கே அதைக் கொடுத்த அந்த 1862 சட்டப்படி, மனு போடும்போது 10 டாலர், நில அலுவலருக்குக் கமிஷன் 2, ஐந்து வருடம் குடியிருந்து முடித்த பிறகு 6. ஆக மொத்தம் 18 டாலர். அதற்குப் பிறகுதான் நிஜச் செலவே: எருது, கலப்பை, விதை, கிணறு. கையில் ஒன்றும் இல்லாதவன் 18 டாலரைக் கட்டிவிட்டு மற்றதற்கெல்லாம் கடன் வாங்கினான்.

ஐந்து வருட முடிவில் அண்டை வீட்டார் இரண்டு பேரைக் கூட்டிப்போய்ச் சாட்சி சொல்ல வைக்க வேண்டும். வீடு எத்தனை அடி, கதவு எத்தனை, ஜன்னல் எத்தனை, எத்தனை ஏக்கர் உழுதார், குடும்பம் நடுவில் எப்போதாவது வெளியே போனதா. வெளியே போயிருந்தால் ஏன் என்றும் சொல்ல வேண்டும். 'கூலி வேலைக்கு' என்பதுதான் வழக்கமான பதில். அந்தத் தாள்கள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒருவர் தன் குடும்பக் கோப்பின் நகலை எங்கள் அறைக்குக் கொண்டுவந்து காட்டினார். ஜன்னல் '2' என்று எழுதி, அடித்து, '1' என்று திருத்தியிருந்தது. இரண்டாவதற்கு மரச்சட்டம் இருந்தது, கண்ணாடி வாங்கவில்லை என்று பக்கத்துப் பண்ணைக்காரர் சாட்சியில் சொல்லியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு, நகலைக் கொண்டுவந்தவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் இன்னொரு நகல் கேட்டார், தன் தங்கைக்கு அனுப்ப.